பேக் தைக்க பவர் மெஷின் வாங்கியாச்சு... லெதருக்கு எந்த ஃபுட் மாட்டணும்?

ஆம்பூரில் இருக்கும் என் சித்தி, 17 வருஷம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர். போன வருஷம் வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்திருந்த பணத்தில் செகண்ட் ஹேண்டில் ஒரு பவர் மெஷினை வாங்கி, வீட்டின் முன்னறையில் போட்டார். பர்ஸ், பௌச், சின்னச் சின்ன லெதர் பேக் என ஆர்டர் வர ஆரம்பித்தது. முதல் பெரிய ஆர்டர் 25 ஹேண்ட்பேக். மூன்றாவது நாளே எனக்கு போன் வந்தது.

"கண்ணு, நீதான் நாலு பேரைப் பார்த்துப் பேசுறியே... இந்த ஃபுட் சமாச்சாரம் தெரிஞ்சவங்க யாரையாச்சும் கேட்டுச் சொல்லேன். கைப்பிடி பூரா கோடு கோடா விழுதுடி."

அந்த வாரக் கடைசியில் நேரிலேயே போய்ப் பார்த்தேன். கைப்பிடியின் மேல் பக்கம், நகத்தால் இழுத்தது போல பளபளவென்று ஒரு கோடு. கீழ்ப் பக்கம் சீப்பை அழுத்தி எடுத்தது போலப் பல் தடம். வளையம் மாட்டும் மடிப்பில் தோல் நான்கு அடுக்காகிறது. அங்கே வந்ததும் 3 மில்லிமீட்டராக ஓடிக்கொண்டிருந்த தையல், 1 மில்லிமீட்டராகச் சுருங்கிப் போயிருந்தது. எட்டு கைப்பிடி வேஸ்ட். தோல் ஆர்டர் கொடுத்தவருடையது. வீணான ஒவ்வொரு பீஸுக்கும் கூலியில் கழித்துக்கொள்வார்கள்.

17 வருஷம் தைத்தவருக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். கம்பெனியில் தைப்பது ஒருவர் வேலை, மெஷினை செட் பண்ணுவது மெக்கானிக் வேலை. ஃபுட் ஸ்க்ரூவில் டெய்லர் கை வைத்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அதனால், கையில் தொழில் இருந்தும் மெஷின் பற்றிய பாதி அறிவு அடுத்தவரிடமே இருந்துவிடுகிறது. வீட்டிலிருந்து லெதர் தைக்க ஆரம்பிக்கும் பலருக்கும் முதலில் இடிக்கிற இடம் இதுதான். சித்திக்காக மெக்கானிக்குகளிடமும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் கேட்டுத் தெரிந்துகொண்டது, நாங்களே செய்து பார்த்துப் புரிந்துகொண்டது எல்லாம் இங்கே.

துணி மன்னிக்கும், தோல் மன்னிக்காது

ஊசிக்குப் பக்கத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்ன இரும்புப் பாதம்தான் பிரஸ்ஸர் ஃபுட். அழுத்துவது மட்டும்தான் அதன் வேலை என்று நினைக்கிறோம். அதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. ஊசி கீழே போய் மேலே கிளம்பும்போது, அதோடு சேர்ந்து தோலும் எழும்பப் பார்க்கும். அப்படி எழும்பாமல் ஃபுட் பிடித்துக்கொண்டால்தான், ஊசிக் கண்ணுக்குப் பக்கத்தில் நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். அந்த வளையத்தைத்தான் கீழே சுழலும் ஹூக் கொக்கி போட்டு இழுக்கிறது. தோல் எழும்பிவிட்டால் வளையம் இல்லை, வளையம் இல்லாவிட்டால் தையல் இல்லை. லெதரில் தையல் விட்டு விட்டு விழுந்தால் எல்லோரும் முதலில் ஊசியைத்தான் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றவாளி ஃபுட்.

துணியில் ஊசி இறங்கினால் இழைகள் விலகி வழிவிடும். பிரித்துத் தைத்தாலும் ஒரு முறை துவைத்ததும் தடம் மறைந்துவிடும். தோலில் அப்படி இல்லை, விழுந்த ஓட்டை விழுந்ததுதான். குண்டூசியும் குத்தக் கூடாது, கிளிப் போட வேண்டும் அல்லது சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டும்.

அடுத்த பிரச்னை வழுக்காமை. சாதாரண பவர் மெஷினில் துணியை நகர்த்துவது கீழே இருக்கும் பல்வரிசை மட்டும்தான். அது கீழ் அடுக்கைப் பிடித்துத் தள்ளும், மேல் அடுக்கு ஃபுட்டின் அடியில் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பருத்தித் துணி வழுக்கும். ஃபினிஷிங் போட்ட தோல், இரும்பைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். கீழ்த் தோல் போய்விடும், மேல் தோல் பின்தங்கும். தையல் சுருங்குவதும், பேக்கின் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையாவதும் இதனால்தான்.

முதலில் உங்கள் மெஷின் எந்த வகை?

ஃபுட் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். "பவர் மெஷின் ஃபுட் குடுங்க" என்று கேட்டால், கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

சித்தி வீட்டில் இருப்பது கார்மென்ட் கம்பெனிகளில் வரிசை வரிசையாகப் பார்க்கும் சிங்கிள் நீடில் பிளாட் பெட். ஜூகி டிடிஎல்-8700 ரகம். இதற்கு டிராப் ஃபீட் என்று பெயர், அதாவது தள்ளுவது கீழ்ப் பல் மட்டும். நிமிஷத்துக்கு 5,500 தையல் வரை ஓடக்கூடிய, துணிக்காகவே பிறந்த மெஷின். மெல்லிய தோலை இதில் தைக்கலாம், கொஞ்சம் தாஜா பண்ண வேண்டும்.

இரண்டாவது வகை வாக்கிங் ஃபுட். ஜூகி டிஎன்யூ-1541, கான்ஸ்யூ 206ஆர்பி, பழைய சிங்கர் 111 போன்றவை. இதில் ஃபுட்டே இரண்டு. உள் ஃபுட், ஊசியோடும் கீழ்ப் பல்லோடும் சேர்ந்து தோலைக் கவ்விக்கொண்டு பின்னால் நடக்கும். ஊசி மேலே வந்ததும் வெளி ஃபுட் தோலை அழுத்திப் பிடிக்க, உள் ஃபுட் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வரும். மேல் அடுக்கு பின்தங்கும் பேச்சுக்கே இடமில்லை. வேகம் குறைவு. டிஎன்யூ-1541 நிமிஷத்துக்கு 2,500 தையல்தான், ஆனால் ஒரு தையல் 9 மில்லிமீட்டர் நீளம் வரை வைக்கலாம்.

மூன்றாவது, ஷூ கம்பெனிகளில் இருக்கும் போஸ்ட் பெட். ஒரு தூண் மேல் ஊசித் தட்டு இருக்கும், மேலே சின்னச் சக்கரம் ஃபுட்டாக ஓடும். சித்தி 17 வருஷம் உட்கார்ந்தது இதில்தான். சக்கரத்தில் ஓடிய தோலைத் தைத்துப் பழகிய கைக்கு, இரும்புப் பாதத்தில் இழுபடும் தோல் புதுசாகத்தான் இருக்கும்.

வகை தெரிந்ததும் அளவு. ஃபுட்டைக் கீழே இறக்கி, அடியில் எதுவும் இல்லாமல், ஊசித் தட்டிலிருந்து ஃபுட்டை முடுக்கும் ஸ்க்ரூவின் மையம் வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சுமார் அரை இன்ச் என்றால் லோ ஷேங்க், சுமார் ஓர் இன்ச் என்றால் ஹை ஷேங்க். வீட்டுத் தையல் மெஷின்கள் பெரும்பாலும் முதல் ரகம், பிளாட் பெட் பவர் மெஷின்கள் இரண்டாவது ரகம். ஆன்லைனில் அழகான செட்டாக வரும் 32 ஃபுட், 42 ஃபுட் பெட்டிகள் எல்லாம் வீட்டு மெஷினுக்கானவை. அவற்றைப் பவர் மெஷினில் மாட்ட அடாப்டர் விற்கிறார்கள். துணிக்கு ஓகே. லெதருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு ஸ்க்ரூ, இரண்டு இணைப்பு என்றால் ஆட்டமும் இரண்டு மடங்கு. கனமான தோலில் ஃபுட் லேசாகத் திரும்பினாலும் ஊசி இரும்பில் இடித்து உடையும். உடைந்த ஊசி முனை முகத்தை நோக்கித்தான் தெறிக்கும்.

வாக்கிங் ஃபுட் மெஷினுக்கு இந்த ஷேங்க் கணக்கு பொருந்தாது. அங்கே உள் ஃபுட்டும் வெளி ஃபுட்டும் ஜோடியாக வர வேண்டும். சிங்கர் 111, கான்ஸ்யூ 206, ஜூகி எல்யூ-563 போன்றவை ஒரே குடும்பம், ஃபுட்டுகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாறும். பிஃபாஃப் 545 போன்றவற்றுக்கு வடிவமே வேறு. மாடல் நம்பர் சொல்லி வாங்குங்கள். இன்னும் நல்லது, பழைய ஃபுட்டைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப்போவது.

என்னென்ன ஃபுட், எதற்கு?

மலிவான முதல் மருந்து டெஃப்ளான் ஃபுட். தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே பொருள்தான். 1938-ல் டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட், குளிர்சாதனப் பெட்டிக்கான வாயுவை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கிடைத்தது. இதன் அடியில் தோல் ஒட்டாது, பளபளப்புக் கோடும் விழாது. டிராப் ஃபீட் மெஷினில் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும் மெல்லிய தோல் வேலைக்கு முதலில் இதை மாட்டிப் பாருங்கள். ஆனால், இது மெதுவான பொருள். தோல் இல்லாமல் வெறும் பல் மேல் இறக்கி மெஷினை ஓட்டினால், பல்வரிசை அதைக் கடித்துத் துப்பிவிடும். ஃபுட்டை இறக்கி வைக்கும்போதெல்லாம் அடியில் ஒரு துண்டுத் தோல் வைப்பதைப் பழக்கமாக்குங்கள். அடிப்பக்கம் சொரசொரப்பானால் மாற்றிவிட வேண்டியதுதான்.

ரோலர் ஃபுட், அந்த போஸ்ட் பெட் சக்கரத்தின் சின்னத் தம்பி. ஊசியை ஒட்டி ஒரு சக்கரம் உருளும். வளைவான விளிம்புகளுக்கு இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, ஏனென்றால் தோலைத் தொடுவது ஒரே புள்ளி, அதைச் சுற்றித் திருப்பலாம். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சக்கரம் தொடும் புள்ளிக்கு நேர் கீழே பல் இருக்க வேண்டும். பிளாட் பெட் மெஷினின் சாதாரணப் பல்வரிசை அங்கே இருக்காது. அதனால்தான் ரோலர் ஃபுட், ஊசித் தட்டு, பல் மூன்றும் செட்டாக விற்கிறார்கள். ஃபுட்டை மட்டும் வாங்கிவந்து 'வழுக்குதே' என்று மூலையில் போட்டவர்கள் நிறைய.

சித்தியின் பேக்குகளுக்கு உண்மையில் விடிவுகாலம் தந்தது காம்பன்சேட்டிங் ஃபுட். பேக் விளிம்பிலிருந்து ஒரே அளவு தள்ளி மேல் தையல் ஓட வேண்டும் இல்லையா? ஒரு பக்கம் மடித்த தோல், தடிமன் அதிகம். இன்னொரு பக்கம் ஒற்றைத் தோல். சாதாரண ஃபுட் அதில் ஏறினால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டும். காம்பன்சேட்டிங் ஃபுட்டில் ஒரு விரல் ஸ்பிரிங்கில் தனியே ஏறி இறங்கும். அந்த விரலின் ஓரம் படியின் மேல் உரசிக்கொண்டே வருவதால், கோடு போடாமலே தையல் நேராக வரும். மேலே சி.ஆர். 1/16, சி.எல். 1/8 என்று பொறித்திருப்பார்கள். ஆர் என்றால் வலது, எல் என்றால் இடது. எண், விளிம்புக்கும் தையலுக்கும் உள்ள தூரம் இன்ச்சில். 1/16 என்றால் சுமார் 1.6 மி.மீ, 1/8 என்றால் சுமார் 3.2 மி.மீ. லெதருக்கு 1/16 பார்க்க அழகு. ஆனால், விளிம்பு சீராக வெட்டப்படவில்லை என்றால் அத்தனை கோணலையும் ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகத் தைப்பவர்கள் 1/8-ல் ஆரம்பிப்பது நல்லது.

பைப்பிங் ஃபுட்டின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். பேக் ஓரத்தில் கயிறு வைத்துச் சுற்றிய தோல் அந்தப் பள்ளத்துக்குள் உருண்டு வரும். 1/8, 3/16, 1/4 இன்ச் என அளவுகள். கடையில் கயிற்றை மட்டும் காட்டி ஃபுட் வாங்காதீர்கள். கயிற்றின் மேல் தோல் சுற்றியதும் பருமன் கூடிவிடும். ஒரு விரல் நீளத்துக்குச் சுற்றி ஒட்டிய சாம்பிளை எடுத்துப்போய், பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். இறுக்கமாகப் போனால் தோலில் தடம் விழும், தொளதொளவென்றிருந்தால் தையல் கயிற்றை விட்டு விலகி ஓடும்.

ஜிப் ஃபுட் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஒற்றைக் கால். ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதால் மறுபக்கத் தோல் ஊசியோடு எழும்பி, தையல் விடும். ஜிப் ஓரத்தை முன்னாடியே ஒட்டிவிட்டு, மெதுவாக ஓட்டினால் பிரச்னை குறையும்.

மாட்டும்போது அவசரம் வேண்டாம்

ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். பழைய கிளட்ச் மோட்டார் என்றால், ஆஃப் செய்த பிறகும் சில விநாடிகள் சுழன்றுகொண்டேதான் இருக்கும். அந்த நேரத்தில் கால் தவறிப் பெடலில் பட்டால் ஊசி இறங்கிவிடும். ஆஃப் செய்ததும் பெடலை மிதித்து, மெஷின் முழுசாக அடங்கியதைப் பார்த்த பிறகே கையை ஊசிப் பக்கம் கொண்டுபோக வேண்டும். சித்தியிடம் நான் மூன்று முறை சொன்ன ஒரே விஷயம் இதுதான். "தெரியும்டி" என்று மூன்று முறையும் சிரித்தார். கம்பெனி மெஷின்களில் இருந்தது வேறு மோட்டார் என்பதால்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஊசியை மேலே ஏற்றி, ஃபுட்டைத் தூக்கி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுங்கள். ஸ்க்ரூவை முழுசாக முடுக்கும் முன் ஃபுட்டை இறக்கிவிட்டு, அது தட்டில் சமமாக உட்காருகிறதா என்று பாருங்கள். பிறகு, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றி ஊசியை இறக்குங்கள். ஊசி, ஃபுட் துளையின் நடுவில் இறங்க வேண்டும். இடதும் வலதும் சம இடைவெளி, முன்னும் பின்னும் உரசல் இல்லை. இதைத் தையல் நீளத்தைச் சின்னதாக வைத்து ஒரு முறையும், பெரிதாக வைத்து ஒரு முறையும் பார்க்க வேண்டும். வாக்கிங் ஃபுட் மெஷினில் ஊசியும் நடக்கும் என்பதால், அதிகபட்ச நீளத்திலும் ரிவர்ஸிலும் சுற்றிப் பார்ப்பது கட்டாயம். முன்னால் போகும்போது சரியாக இருந்து, ரிவர்ஸில் உள் ஃபுட் வெளி ஃபுட்டை முட்டுவது சகஜம்.

நடுவில் இறங்கவில்லை என்றால்? ஃபுட்டைக் கையால் வளைக்கக் கூடாது. டிராப் ஃபீட் மெஷினின் தலையில், முகத் தகட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே பிரஸ்ஸர் பாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தெரியும். அதைக் கொஞ்சம் தளர்த்தினால் பார் திரும்பும், உயரமும் மாறும். ஃபுட்டை நேராக்கி மறுபடி முடுக்கிவிட வேண்டியதுதான். தளர்த்துவதற்கு முன் மேலே இருக்கும் அழுத்த ஸ்க்ரூவைத் தளர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் பாரைச் சட்டென்று கீழே தள்ளிவிடும்.

அந்த அழுத்த ஸ்க்ரூதான் அடுத்த வேலை. துணிக்கு வைத்திருந்த அழுத்தம் தோலுக்கு அதிகம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் தையல் விட ஆரம்பிக்கும் அல்லது தோல் நகராமல் நிற்கும். அங்கிருந்து அரைச் சுற்று திரும்ப முடுக்கினால், அதுதான் அந்தத் தோலுக்கான இடம். தோல் மாறினால் இடமும் மாறும்.

கீழ்ப் பக்கத்துச் சீப்புத் தடத்துக்கு ஃபுட் மட்டும் மருந்தல்ல. பல்வரிசையின் உயரம் சாதாரணமாகத் தட்டுக்கு மேல் சுமார் 0.8 மில்லிமீட்டர் இருக்கும். அழுத்தம் குறைந்தாலே தடம் பாதி குறையும். அப்புறமும் இருந்தால் நுண்பல் வரிசை வாங்கி மாட்டலாம். பல்லின் உயரத்தை மாற்றுவது மெஷினைப் படுக்க வைத்துச் செய்யும் வேலை, முதல் முறை மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் ராவ வேண்டியிருக்கும்

கடையில் வாங்கும் இரும்பு ஃபுட் எதுவும் லெதருக்குத் தயாராக வருவதில்லை. விரலை வைத்து அடிப்பக்கத்தையும் ஓரங்களையும் தடவிப் பாருங்கள். கூர்மையாக ஒரு முனை தட்டுப்படும். அது தோலைக் கீறும். 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பிறகு 800, 1200 என ஏறி, கடைசியில் பித்தளைப் பாத்திரம் துலக்கும் மெட்டல் பாலிஷ் போட்டுக் கண்ணாடி போல ஆக்க வேண்டும். மூக்கு படகு மாதிரி லேசாக மேல் நோக்கி வளைந்திருந்தால்தான் மடிப்பில் ஏறும். தட்டையாக இருந்தால் மூக்கின் அடியைக் கொஞ்சம் ராவி உருட்டிவிடலாம்.

வாக்கிங் ஃபுட் செட்டுகளில் அடிப்பக்கம் பல் வெட்டியிருக்கும். ரெக்ஸின், கேன்வாஸுக்கு அது சரி. நல்ல தோலுக்கு வழவழப்பான செட் கேட்டு வாங்கலாம், கிடைக்காவிட்டால் பல்லைச் சமமாகத் தேய்த்து எடுத்துவிடலாம். ஆனால், கவனம். ஒரு ஃபுட்டின் அடியைத் தேய்த்தால் அதன் உயரம் குறையும். உள் ஃபுட்டை மட்டும் நிறையத் தேய்த்துவிட்டால் அது தோலைத் தொடாமல் அந்தரத்தில் நடக்கும். இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேய்த்து, மாட்டிய பிறகு இரண்டும் மாறி மாறி ஒரே உயரத்துக்குத் தூக்குகின்றனவா என்று சுற்றிப் பார்க்க வேண்டும்.

ஊசித் துளையும் ஒரு பிரச்னை. துணி ஊசிக்காகப் போட்ட துளையில் தடித்த ஊசியும் தடித்த நூலும் நுழைந்தால் நூல் உரசிப் பிசிறு அடிக்கும். மெல்லிய உருட்டு அரத்தால் துளையைப் பெரிதாக்கலாம். முடித்ததும், ஒரு தடித்த நூலில் பாலிஷ் பேஸ்ட் தடவித் துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் உள் ஓரம் வழவழப்பாகும். துளையை அளவுக்கு மேல் அகலமாக்க வேண்டாம். ஊசியைச் சுற்றி இடம் காலியாக இருந்தால், அந்த ஓட்டைக்குள் தோல் எழும்பும். தையல் விடும் கதை மறுபடி ஆரம்பிக்கும்.

சாதாரண ஃபுட்டின் ஒரு விரலை லேத் பட்டறையில் கொடுத்து வெட்டி, குறுகிய ஃபுட் ஆக்கிக்கொள்வதும் பழைய வழக்கம்தான். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள் என்பதால் பரிசோதனைக்கு ஒன்று வாங்கிக் கெடுத்துப் பார்க்கலாம். ஷேங்க் பகுதி, ஸ்க்ரூ உட்காரும் பள்ளம் இரண்டையும் மட்டும் தொடாதீர்கள்.

ஊசியையும் நூலையும் விட்டுவிட்டு ஃபுட்டை மட்டும் மாற்றாதீர்கள்

டிடிஎல்-8700 ரகத்துக்கு ஊசி டிபிX1. டிஎன்யூ-1541 ரக வாக்கிங் ஃபுட் மெஷினுக்கு 135X17, அதே நீளத்தில் லெதர் முனை வேண்டும் என்றால் 135X16. ஒன்றின் ஊசி மற்றொன்றில் போகாது, நீளமும் தண்டின் பருமனும் வேறு. சாதாரண துணி ஊசியின் முனை உருண்டை, அது தோலை விலக்கித் தள்ளும். லெதர் ஊசியின் முனை சின்னக் கத்தி, தோலை வெட்டிக்கொண்டு போகும். எல்.ஆர். முனை சாய்வாக வெட்டுவதால் தையலும் லேசாகச் சாய்ந்து அழகாக உட்காரும். எஸ் முனை தையல் போகும் திசையிலேயே வெட்டும், தையல் நேர்க்கோடாகத் தெரியும். ஆனால், எஸ் முனையில் தையலைச் சின்னதாக வைத்தால் வெட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தபால் தலை மாதிரி கிழிந்துவிடும். பேக்குக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் தையல் நீளம் பாதுகாப்பு.

நூல் பாண்டட் நைலான் அல்லது பாலியஸ்டர். டிக்கெட் எண் குறையக் குறைய நூல் தடிமன். 40 பர்ஸ், மெல்லிய பேக்குக்கு. 20 கனமான வேலைக்கு. டிராப் ஃபீட் மெஷினின் சாதாரண மாடல் 18-ம் நம்பர் ஊசி வரைக்குமானது. அதில் 22-ம் நம்பரைப் போட்டு 20 நூலை ஓட்டினால், கீழே ஹூக்கின் முனை ஊசியை உரசும். ஹூக்குக்கும் ஊசிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஹூக் முனை மழுங்கினால் செலவு ஃபுட் விலையைப் போலப் பல மடங்கு.

இதில் ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். எந்த ஃபுட்டாலும் டிராப் ஃபீட் மெஷினை பெல்ட் தைக்கும் மெஷினாக மாற்ற முடியாது. 4 மில்லிமீட்டர் கெட்டித் தோல், குதிரைச் சேணம், கனமான டிராவல் பேக் என்றால் வாக்கிங் ஃபுட்தான். ஃபுட் மாற்றிச் சமாளிக்கலாம் என்று சொல்லி மெஷின் விற்பவரிடம், உங்கள் தோலையும் நூலையும் கொடுத்து உங்கள் முன்னால் தைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சித்தியின் கதைக்கு வருகிறேன். கைப்பிடியின் மடிப்பில் தோலைச் சீவி, அதாவது ஸ்கைவிங் செய்து, நான்கு அடுக்கின் தடிமனைக் குறைத்தோம். சொல்யூஷன் போட்டு ஒட்டி, சுத்தியலால் தட்டி அமுக்கினோம். கைப்பிடிக்கு டெஃப்ளான், விளிம்புக்குப் பாலிஷ் செய்த சி.ஆர். 1/8. அழுத்தத்தைக் குறைத்து, எல்.ஆர். முனை ஊசி 18 போட்டு, டிக்கெட் 40 நூல். தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் அடிக்காமல் நூலைப் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டார். ஒரே ஓட்டையில் ஊசி இரண்டாம் முறை இறங்கினால் தோல் அறுந்துவிடும் என்பது அவர் கம்பெனியில் கற்றது, எனக்குத் தெரியாதது.

முதல் நாள் முழுக்க வேஸ்ட் துண்டுகளில்தான் ஓட்டினார். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பால்பாயின்ட் பேனாவால் தோல் வகை, ஃபுட், ஊசி, அழுத்த ஸ்க்ரூவை எத்தனை சுற்று தளர்த்தினார் என்பதை எழுதி, ஒரு கம்பியில் கோத்து மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். மீதிக் கைப்பிடிகளில் ஒன்று மட்டும் வீணானது. கெடு முடிந்து நான்கு நாள் கழித்து 25 பேக்கும் போயின, ஒன்பது கைப்பிடிக்கான பணம் கழிந்து.

போன வாரம் போன் செய்தபோது, "ரோலர் செட்டு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன் கண்ணு. பல்லும் தட்டும் சேர்த்துத்தான் குடுக்குறாங்களான்னு கேட்டுட்டுத்தான் வாங்குவேன்" என்றார்.